சம்பளமற்ற விரிவுரையாளர்: நவீன அட்சரகணிதத்துக்கு உருக்கொடுத்த எம்மி நோதர்

பல்கலைக்கழகக் கணிதத்துறையொன்றில் வாரந்தோறும் நடைபெறும் ஆய்வுரைகள் வெளியுலகின் கவனத்தை ஈர்ப்பவை அல்ல. கரும்பலகை ஒன்று, வெண்கட்டித் துண்டுகள் சில, பத்திருபது பேர், பிறருக்கு விளங்காத குறியீடுகள் என்பவற்றோடு அவை முடிந்துவிடும். ஆனால், 1920களில் ஜேர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த இத்தகைய உரைகளிலிருந்துதான் இன்று உலகெங்குமுள்ள பல்கலைக்கழகங்களில் அருவ அட்சரகணிதம் என்ற பெயரில் கற்பிக்கப்படும் பாடம் பெருமளவுக்கு உருப்பெற்றது. அவ்வுரைகளின் நடுநாயகமாக விளங்கியவர் அப்பல்கலைக்கழகத்தில் ஒருநாளும் நிரந்தரப் பதவி வகித்திராத ஒரு பெண்மணி. அவரே எம்மி நோதர் அம்மையார்.

அவரது பணியை விளங்கிக்கொள்வதற்கு முன்னர் அந்தப் பாடத்தைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். அட்சரகணிதம் என்ற எமது சொல் எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கையாளும் கணிதத்தைக் குறிக்கின்றது. மேலைத்தேய மொழிகளில் வழங்கும் அல்ஜீப்ரா என்ற பெயரோ ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல் குவாரிஸ்மியின் நூற்றலைப்பில் இடம்பெற்ற அல்ஜப்ர் என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழிக்கப்பட்டு நிற்பதை மறுபக்கத்தில் சேர்த்து நிறைவாக்கும் செய்கையே அல்ஜப்ர் ஆகும். வாரிசுகளிடையே சொத்துகளைப் பங்கிடும் கணக்குகள் அந்நூலில் கணிசமான இடத்தைப் பெற்றுள்ளன. சுவையான செய்தி யாதெனில், எழுத்துக் குறியீடு எதுவும் அந்நூலில் இல்லை. எல்லாக் கணக்குகளும் வசனங்களிலேயே எழுதப்பட்டுள்ளன.

அன்று தொட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு அட்சரகணிதம் என்பது சமன்பாடுகளைத் தீர்க்கும் கலையாகவே கருதப்பட்டு வந்தது. தெரியாக் கணியத்தின் பெறுமானம் என்ன என்பதே கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கேள்வி மெல்ல மெல்ல மாறியது. கூட்டல், பெருக்கல் போன்ற செய்கைகள் எவ்விதிகளுக்குக் கட்டுப்படுகின்றன, அவ்விதிகளிலிருந்து மட்டும் எவற்றை நிறுவ முடியும் என்று கணிதவியலாளர் சிலர் வினவத் தொடங்கினர். கையாளப்படுவது எண்ணா, பல்லுறுப்பியா, சுழற்சியா என்ற உருவத்தை நீக்கிவிட்டு, எஞ்சும் விதிகளை மாத்திரம் ஆராய்வதனாலேயே இத்துறை அருவ அட்சரகணிதம் எனப்படுகிறது. இம்மாற்றத்தைத் தொடக்கி வைத்தவர் நோதர் அல்லர். எனினும், அதனைக் கணிதத்தின் பொதுவழியாக்கிய பெருமை வேறெவரையும் விட அவருக்கே உரியது.

அமாலி எம்மி நோதர் 1882 மார்ச் 23ஆம் திகதி பவேரியாவிலுள்ள எர்லாங்கன் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் மக்ஸ் நோதர் அந்நகரப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர். தாயார் ஐடா அமாலியா. மூன்று சகோதரர்களுக்கு ஒரே சகோதரியாக வளர்ந்த எம்மி, அக்கால நடுத்தர வர்க்கப் பெண்களுக்கு விதிக்கப்பட்டிருந்த பாதையிலேயே முதலில் சென்றார். 1900ஆம் ஆண்டில் பெண்கள் பாடசாலைகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிப்பதற்கான பரீட்சையில் சித்தியடைந்தார். ஆசிரியையாகி அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ தந்தையார் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபத்தில் போய் அமர்ந்தார்.

அவ்வாறு அமர்வதும் அன்று எளிதாக இருக்கவில்லை. எர்லாங்கன் பல்கலைக்கழகம் பெண்களை மாணவராகப் பதிவு செய்யவில்லை. ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே அனுமதி பெற்று, செவிமடுப்பவராக மாத்திரமே விரிவுரைகளுக்குச் செல்ல முடியும். அப்போது அங்கு பயின்ற 986 பேரில் பெண்கள் இருவர் மட்டுமே. 1903இல் நூரன்பேர்க் நகரில் பல்கலைக்கழகப் புகுமுகத் தகுதிக்கான பரீட்சையில் சித்தியடைந்த அவர், ஒரு பருவகாலம் கோட்டிங்கனுக்குச் சென்று ஹில்பேர்ட், கிளைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் விரிவுரைகளைக் கேட்டார். 1904இல் எர்லாங்கனின் கதவுகள் பெண்களுக்குத் திறக்கப்பட்டதும் ஊர் திரும்பி மாணவியாகப் பதிந்துகொண்டார்.

1907இல் போல் கோர்டான் என்னும் பேராசிரியரின் கீழ் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை நிறைவு செய்தார். கோர்டான் பழைய மரபின் கடைசித் தூண்களில் ஒருவர். பக்கம் பக்கமாகச் சூத்திரங்களைக் கணித்து முடிப்பதே அவரது முறை. மாணவியும் அவ்வழியே நின்று, ஆய்வேட்டின் இறுதியில் முந்நூற்றுக்கும் அதிகமான சூத்திரக் கோவைகளைப் பட்டியலிட்டார். பிற்காலத்தில் அந்த ஆய்வைச் சூத்திரப் புதர்க்காடு என்று கருதி அவரே ஒதுக்கித் தள்ளினார். எழுதியதை மறந்துவிட்டதாகவும் கூறுவார். சூத்திரமே இல்லாமல் கணிதம் செய்யும் வழியைக் கண்டறிந்த ஒருவர், சூத்திரங்களின் அடர்காட்டில் தமது பயணத்தைத் தொடங்கியிருந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

பட்டம் கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை. 1908 தொடக்கம் 1915 வரை எர்லாங்கன் கணித நிறுவகத்தில் அவர் ஒரு சதமேனும் பெறாது பணியாற்றினார். நோயுற்றிருந்த தந்தையாருக்குப் பதிலாகச் சில வேளைகளில் விரிவுரை நிகழ்த்தினார். 1909இல் சால்ஸ்பேர்க்கில் நடைபெற்ற ஜேர்மன் கணிதவியலாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆய்வுரை ஆற்றினார். 1911இல் எர்லாங்கனுக்கு வந்து சேர்ந்த ஏர்ன்ஸ்ட் பிஷர் என்பவருடனான உரையாடல்கள் அவரைக் கோர்டானின் வழியிலிருந்து ஹில்பேர்ட்டின் வழிக்குத் திருப்பின. இருவரும் ஒரே நகரில் வாழ்ந்தபோதிலும், விரிவுரை முடிந்ததும் பேச்சைத் தொடர்வதற்காக அவர் பிஷருக்குத் தபாலட்டைகள் அனுப்பிக் கொண்டிருந்தார். பேச்சின் வாயிலாகவே சிந்திக்கும் இப்பழக்கம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1915இல் டேவிட் ஹில்பேர்ட்டும் பீலிக்ஸ் கிளைனும் அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தனர். ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கொள்கை கணிதவியலாளர் முன் சில சிக்கல்களை வைத்திருந்த நேரம் அது. சக்திக் காப்பு விதி அக்கொள்கையில் எவ்வாறு பொருந்துகிறது என்பது தெளிவாகவில்லை. மாறும் சூழலிலும் மாறாதிருப்பவை பற்றிய ஆய்வில் தேர்ந்த ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். அத்தேர்ச்சி நோதரிடம் இருந்தது.

ஆனால் கோட்டிங்கனில் விரிவுரை நிகழ்த்துவதற்கு விரிவுரைத் தகுதிப் பத்திரம் பெற்றிருத்தல் அவசியமாகும். பிரஷ்ய அரசின் 1908ஆம் ஆண்டு ஒழுங்கு விதியொன்று அதனை ஆண்களுக்கு மாத்திரம் உரியதாக்கியிருந்தது. விதிவிலக்கு அளிக்குமாறு கணிதவியலாளர்கள் கோரினர். மெய்யியல் பீடத்தில் மொழியியலாளரும் வரலாற்றாசிரியரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்கள் ஒரு பெண்ணின் காலடியில் அமர்ந்து கற்க நேருமே என்று அவர்கள் கவலைப்பட்டனர். இன்று விரிவுரையாளரானால் நாளை பேராசிரியராவார், பின்னர் பல்கலைக்கழகச் சபையிலும் அமர்வாரே என்ற அச்சமும் இருந்தது. விண்ணப்பதாரி ஆணா பெண்ணா என்பது நியமனத்தோடு தொடர்பற்றது, சபை ஒன்றும் நீராடும் துறையல்ல என்ற கருத்துப்பட ஹில்பேர்ட் பதிலிறுத்ததாகக் கூறப்படுகிறது. எனினும் எதிர்ப்பே வென்றது.

அதற்கு ஹில்பேர்ட் கண்ட வழி எளிமையானது. விரிவுரைகள் அவர் பெயரிலேயே அறிவிக்கப்பட்டன. கலாநிதி நோதர் அதற்கு உதவுவார் என்று கீழே ஒரு வரி சேர்க்கப்பட்டது. மண்டபத்தில் நின்று விரிவுரை நிகழ்த்தியவர் நோதர். ஆண்டுக்கணக்கில் இவ்வேற்பாடு நீடித்தது. ஊதியம் எதுவும் வழங்கப்படவில்லை.

தமது பெயரில் விரிவுரை அறிவிக்கவும் உரிமையற்றிருந்த இக்காலத்திலேயே அவர் பௌதிகவியலின் அடித்தளங்களில் ஒன்றாக இன்று போற்றப்படும் தேற்றத்தை நிறுவினார். இயற்கையின் விதிகளில் ஒரு தொடர்ச்சியான சமச்சீர் காணப்படுமிடத்து, அதற்கு இணையாக, காக்கப்படும் ஒரு கணியமும் இருக்கும் என்பதே அதன் சாரம். விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றாகவே இருப்பதனால் சக்தி காக்கப்படுகிறது. இங்கும் அங்கும் அவை ஒன்றாகவே இருப்பதனால் உந்தம் காக்கப்படுகிறது. எத்திசையில் திரும்பினாலும் அவை மாறாமையால் கோண உந்தம் காக்கப்படுகிறது. பாடசாலையில் தனித்தனி விதிகளாக மனனம் செய்யப்படுபவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை அத்தேற்றம் காட்டியது. 1918 ஜூலை 26ஆம் திகதி கோட்டிங்கன் அறிவியற் கழகத்தின் கூட்டத்தில் அவ்வாய்வு முன்வைக்கப்பட்டது. முன்வைத்தவர் கிளைன். நோதர் அக்கழகத்தின் உறுப்பினர் அல்லர்.

போரில் ஜேர்மனி தோற்று, முடியாட்சி வீழ்ந்து, குடியரசு அமைந்த பின்னர் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அதே மாற்றத்தின் அலையில் 1919இல் நோதருக்கும் விரிவுரைத் தகுதி வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 37. 1922இல் பேராசிரியர் என்ற பட்டம் அளிக்கப்பட்டது. அரச ஊழியர் அல்லாத, வழமைக்குப் புறம்பான பேராசிரியர் என்பது அதன் முழுப்பெயர். சம்பளமோ ஓய்வூதியமோ அதற்கு இல்லை. அடுத்த ஆண்டில் அட்சரகணிதம் கற்பிப்பதற்கென ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டது. அவ்வளவுதான். 1930இல் கோட்டிங்கனில் பேராசிரியப் பதவியேற்ற ஹேர்மன் வெய்ல் தம்மை விட மேலான ஒருவர் தமக்குக் கீழான நிலையில் இருப்பதைக் கண்டு வெட்கமுற்றதாகப் பின்னாளில் கூறினார். நிலைமையை மாற்ற அவர் எடுத்த முயற்சியும் பலிக்கவில்லை.

இனி அந்த ஆய்வுரைகளுக்கு வருவோம்.

1921இல் நோதர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை ஒன்று அருவ அட்சரகணிதத்தின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. அதன் கருவைச் சாதாரண எண்களைக் கொண்டே விளக்கலாம். 12 என்ற எண்ணை 2, 2, 3 என்ற முதன்மை எண்களின் பெருக்கமாக ஒரேயொரு வகையில்தான் எழுத முடியும். இந்த ஒருமைப்பாடு எல்லா எண் தொகுதிகளிலும் நிலைப்பதில்லை. மறை ஐந்தின் வர்க்கமூலத்தைச் சேர்த்து அமைக்கப்படும் எண் தொகுதியில் 6 என்பது இரு வேறு வகைகளில் பிரிந்து நிற்கும். இக்குறையைப் போக்குவதற்காக, தனி எண்களுக்குப் பதிலாக எண்களின் சில தொகுப்புகளை எடுத்துப் பெருக்கவும் பிரிக்கவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெடிக்கைன்ட் வழி கண்டிருந்தார். அத்தொகுப்புகள் ஐடியல் எனப்பட்டன. 12இன் மடங்குகள் அனைத்தும் சேர்ந்த தொகுப்பு இதற்கு ஓர் உதாரணம்.

நோதர் இங்கு ஒரு விடயத்தைக் கவனித்தார். 12இன் மடங்குகள் 6இன் மடங்குகளுக்குள் அடங்கும். அவை 3இன் மடங்குகளுக்குள் அடங்கும். அவை முழு எண்கள் அனைத்தினதும் தொகுப்புக்குள் அடங்கும். அதற்கு மேல் ஏற முடியாது. ஒன்றையொன்று உள்ளடக்கி வளரும் இச்சங்கிலி எங்கிருந்து தொடங்கினாலும் எங்கோ ஓரிடத்தில் நின்றே தீரும். கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகிய செய்கைகளைக் கொண்ட, வளையம் எனப்படும் அமைப்பொன்றில் இந்தச் சங்கிலி நிபந்தனையை மாத்திரம் எடுத்துக்கொண்டால் போதும். எண்களுக்கென்றும் பல்லுறுப்பிகளுக்கென்றும் நீண்ட கணிப்புகளால் தனித்தனியே நிறுவப்பட்டிருந்த பிரிப்புத் தேற்றங்கள் யாவும் சில வரிகளில் வெளிப்படும் என்று அவர் காட்டினார். இந்நிபந்தனைக்கு அமையும் வளையங்கள் இன்று அவர் பெயராலேயே நோதர் வளையங்கள் என வழங்கப்படுகின்றன. அவரோ எல்லாம் டெடிக்கைன்டிடமே உள்ளன என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாணவர்கள் டெடிக்கைன்டின் எழுத்துகளை எல்லாப் பதிப்புகளிலும் படிக்க வேண்டும் என்பது அவரது கட்டளை.

அவரது விரிவுரைகள் முன்கூட்டியே ஒழுங்குபடுத்தப்பட்டவையாக இருக்கவில்லை. தயாரான தேற்றங்களைக் கரும்பலகையில் எழுதிச் செல்வது அவர் வழக்கமன்று. அன்று காலையில் தம் மனதை அலைக்கழித்த ஐயத்தை அவ்வாறே மண்டபத்துக்குக் கொண்டுவந்து, மாணவர் முன்னிலையில் அதனோடு போராடுவார். பேச்சு வேகமாக ஓடும். வசனங்கள் பாதியில் நிற்கும். ஒரு நிறுவல் வழியில் முறிந்தால் அதனைக் கைவிட்டு வேறொரு வழியால் வருவார். புதிதாக வந்தோர் பலர் திகைத்துப் போயினர். ஒருமுறை வெளியாள் ஒருவர் பாதி நேரத்தில் எழுந்து சென்றபோது எதிரி தோற்றோடிவிட்டான் என்று வழமையான மாணவரொருவர் களிப்புற்றாராம். அவரது உரைகள் சிறந்த கற்பித்தலுக்கு முன்மாதிரி எனக் கூற முடியாது. சராசரி மாணவர் பலருக்கு அவற்றால் பயன் கிட்டவில்லை என்பதே உண்மை. ஆனால் கணிதம் எவ்வாறு உருவாகிறது என்பதை நேரில் காண விரும்பியோருக்கு அதைவிடச் சிறந்த இடம் அன்று வேறெங்கும் இருக்கவில்லை.

உரைகள் மண்டபத்துடன் முடிவதுமில்லை. கோட்டிங்கனைச் சூழ்ந்த காடுகளினூடாக நீண்ட நடை செல்லும்போதும், ஆற்றங்கரை நீச்சல் குளத்திலும், அவரது சிறிய மாடி அறையில் அவரே சமைத்துப் பரிமாறிய புடிங்கை உண்ணும்போதும் அவை தொடர்ந்தன. அரச விடுமுறை நாளொன்றில் கட்டடம் பூட்டப்பட்டிருக்க, மாணவரைப் படிக்கட்டில் கூட்டி, காட்டு வழியே கோப்பிக் கடையொன்றுக்கு அழைத்துச் சென்று அங்கு விரிவுரையை நிறைவு செய்தார் என்பது அவரது மாணவரிடையே நெடுங்காலம் வழங்கிவந்த கதை. நோதரின் பையன்கள் என்று ஊரார் அழைத்த அக்குழுவில் ஜேர்மனியர் மட்டும் இருக்கவில்லை. ஒல்லாந்திலிருந்து வான் டெர் வார்டன் வந்தார். ரஷ்யாவிலிருந்து பாவெல் அலெக்சாண்ட்ரொவ் கோடை தோறும் வந்தார். ஜப்பானிலிருந்து கென்ஜிரோ ஷோடாவும், சீனாவிலிருந்து சியுங்-ட்சே சென்னும், பலஸ்தீனத்திலிருந்து ஜேக்கப் லெவிட்ஸ்கியும் வந்தனர். அவரிடம் கோட்டிங்கனில் முதலாவதாகக் கலாநிதிப் பட்டத்தை நிறைவு செய்தவர் கிறேட்டா ஹேர்மன் என்னும் பெண்மணியாவார்.

இவ்வுரைகளில் அவர் அள்ளி வழங்கிய கருத்துகள் பிறர் பெயரால் வெளிவந்ததை அவர் ஒருபோதும் பொருட்படுத்தவில்லை. 1924இல் கோட்டிங்கனுக்கு வந்த இளைஞர் வான் டெர் வார்டன் புதிய கருத்தொன்றைக் கட்டுரையாக எழுதி அவரிடம் கொடுத்தார். அவர் அதனைப் புகழ்பெற்ற கணித சஞ்சிகையில் பிரசுரிக்க உடனடியாக ஏற்றுக்கொண்டார். அதே கருத்தைத் தாம் சற்று முன்னரே விரிவுரையில் கூறியிருந்ததை அவர் வாய்திறந்து சொல்லவில்லை. வேறொரு மாணவர் மூலமே தாம் அதனை அறிய நேர்ந்ததாக வான் டெர் வார்டன் பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார். அச்சஞ்சிகைக்காக நோதர் ஏராளமான கட்டுரைகளைச் செம்மைப்படுத்தினார். ஆசிரியர் குழுவில் அவரது பெயர் ஒருபோதும் அச்சிடப்படவில்லை.

அவரது செல்வாக்கு அட்சரகணிதத்துக்கு அப்பாலும் பரவியது. வடிவங்களை வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத இயல்புகளை ஆராயும் இடத்தியலில், ஓர் உருவத்திலுள்ள துளைகளைச் சில எண்களால் குறிப்பது அன்றைய வழக்கம். வெறும் எண்களுக்குப் பதிலாக, கூட்டம் எனப்படும் அட்சரகணித அமைப்பையே ஒவ்வோர் உருவத்துக்கும் உரித்தாக்கினால் என்ன என்று 1920களின் நடுப்பகுதியில் உரையாடலொன்றின்போது நோதர் ஆலோசனை கூறினார். அலெக்சாண்ட்ரொவும் ஹொப்பும் அதனைப் பற்றிக்கொண்டனர். இன்றைய அட்சரகணித இடத்தியல் முழுவதும் அதன் மீதே எழுப்பப்பட்டுள்ளது. அவர் இது குறித்துத் தனியாக எழுதியது சில வரிகள் மாத்திரமே.

1928-29 குளிர்காலத்தில் மொஸ்கோ பல்கலைக்கழகத்தில் அருவ அட்சரகணிதம் கற்பித்தார். 1930, 1931 ஆகிய ஆண்டுகளில் வான் டெர் வார்டனின் நவீன அட்சரகணிதம் என்ற நூல் இரு பாகங்களாக வெளிவந்தது. ஆர்ட்டினதும் நோதரினதும் விரிவுரைகளைப் பயன்படுத்தி எழுதப்பட்டது என்ற குறிப்பு அதன் முகப்பில் இடம்பெற்றது. பாதி வசனங்களில் ஓடிய அந்த விரிவுரைகள் தெளிந்த நடையில் உலகை அடைந்தது அந்நூல் வாயிலாகவே. எமது நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கணிதத்தைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவர்கள் கூட்டம், வளையம், புலம் என்ற வரிசையில் இப்பாடத்தைக் கற்கின்றனர் என்றால், அது அந்நூல் நிலைநிறுத்திய வரிசை என்றே கூறவேண்டும்.

1932 செப்டெம்பரில் சூரிச்சில் கூடிய சர்வதேச கணித மாநாட்டில் முழு மாநாட்டுக்குமான பேருரை ஒன்றை நோதர் ஆற்றினார். அவ்வாறு பேருரை ஆற்றிய முதற் பெண் அவரே. அவ்வாண்டில் ஆர்ட்டினுடன் சேர்த்து ஒரு பரிசும் கிடைத்தது. ஐம்பதாவது வயதில், தமது துறையின் உச்சியில் அவர் நின்றார். எனினும் கோட்டிங்கனில் அவருக்கு நிரந்தரப் பதவி அப்போதும் இருக்கவில்லை. இடதுசாரிச் சார்புள்ள யூதப் பெண்ணொருவருடன் ஒரே கூரையின் கீழ் வாழ முடியாதென மாணவர் தலைவர்கள் முறையிட்டதால் தங்கியிருந்த விடுதியையும் அவர் இழக்க நேர்ந்திருந்தது. வரவிருந்ததன் முன்னறிகுறி அது.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 7ஆம் திகதி அரச சேவையைச் சீரமைப்பதாகக் கூறும் சட்டமொன்று பிரகடனப்படுத்தப்பட்டது. அதே மாதம் 25ஆம் திகதி கோட்டிங்கனுக்குக் கிடைத்த தந்தியொன்று பேராசிரியர் அறுவரைப் பணியிலிருந்து விலக்கியது. பௌதிகவியலாளர் மக்ஸ் போர்ன், கணித நிறுவகத்தின் தலைவர் குராண்ட் ஆகியோருடன் நோதரும் அவர்களில் ஒருவர். அரச ஊழியராக ஒருநாளும் ஏற்றுக்கொள்ளப்படாதவர் அரச சேவைச் சட்டத்தின் பெயரால் நீக்கப்பட்டார். ஆணுக்குரிய பதவி பெண்ணுக்கு எதற்கு என்று அன்று மறுத்தவர்களும், ஆரியருக்குரிய இடம் யூதருக்கு எதற்கு என்று இன்று பறித்தவர்களும் கணிதத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவர் கலங்கவில்லை. மண்டபத்தில் பேசத் தடை விதிக்கப்பட்டதால் தமது வீட்டிலேயே ஆய்வரங்கைத் தொடர்ந்தார். மாணவர்கள் அங்கு கூடி எண் கோட்பாட்டை விவாதித்தனர். அவர்களில் ஒருவர் நாஸிக் கட்சியின் பழுப்புச் சீருடையில் வந்து அமர்ந்தபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. பின்னர் அதைச் சொல்லிச் சிரித்தார் என்றே கூறப்படுகிறது. வேலையிழந்த இளையோருக்கு வெளிநாடுகளில் இடம் தேடிக் கடிதங்கள் எழுதுவதிலேயே அக்கோடை காலத்தைச் செலவிட்டார். அவருக்காக ஹாஸே திரட்டிய பரிந்துரைக் கடிதங்கள் அமைச்சில் எடுபடவில்லை.

அவ்வாண்டின் பிற்பகுதியில், ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிரின் மோர் மகளிர் கல்லூரிக்கு அவர் சென்றார். கணிதத்துறைத் தலைவியாக விளங்கிய அன்னா பெல் வீலர் கோட்டிங்கனில் பயின்றவர். நோதரின் வேகமான பேச்சை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு தோழமை அங்கு கிடைத்தது. பையன்களுக்குப் பதிலாக இப்போது இளம் பெண் ஆய்வாளர் சிலர் அவரைச் சூழ்ந்தனர். நடையும் பேச்சும் தொடர்ந்தன. ஆங்கிலத்தில் தொடங்கும் வசனம் சிக்கலான இடத்தில் ஜேர்மன் மொழிக்குத் தாவுமாம். 1934 முதல் வாரந்தோறும் பிரின்ஸ்டனுக்குப் புகையிரதத்தில் சென்று அங்குள்ள உயராய்வு நிறுவகத்திலும் உரை நிகழ்த்தினார். அந்நிறுவகம் அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கட்டடத்திலேயே இயங்கியது. அப்பல்கலைக்கழகம் பெண்களைப் பட்டப்படிப்புக்கு அனுமதித்தது 1969இல்தான்.

1934 கோடையில் கடைசியாக ஜேர்மனிக்குச் சென்றார். கணிதவியலாளரான தம்பி பிரிட்ஸும் பிரெஸ்லோவில் பதவியிழந்து, சைபீரியாவின் தொம்ஸ்க் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட ஆயத்தமாகியிருந்தார். அவரிடம் விடைபெற்றார். கோட்டிங்கனில் தாம் அறிந்த முகங்கள் பெரும்பாலும் மறைந்திருக்கக் கண்டார். யூதர்கள் நீங்கிய பின் அங்கு கணிதம் எப்படியுள்ளது என்று அமைச்சர் ஒருவர் விருந்தொன்றில் வினவியபோது, அங்கு கணிதம் என்று எதுவுமே எஞ்சவில்லை என முதியவர் ஹில்பேர்ட் விடையளித்ததாக ஒரு கதை உண்டு. சொற்கள் எவ்வாறாயினும் நிலைமை அதுவே. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டியெழுப்பப்பட்ட துறை சில மாதங்களில் வெறிச்சோடியது.

1935 ஏப்ரலில் வயிற்றுக் கட்டியொன்றை அகற்றுவதற்காக நோதர் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். முதற் சில நாட்கள் தேறி வருவதாகவே தோன்றியது. திடீரெனக் காய்ச்சல் உச்சத்தை எட்டி, 14ஆம் திகதி காலமானார். வயது 53. உடன் பணியாற்றியவர்களில் பலர் அவர் சத்திரசிகிச்சைக்குச் சென்றதைக்கூட அறிந்திருக்கவில்லை. ஹேர்மன் வெய்ல் பிரின் மோரில் நினைவுரை ஆற்றினார். அலெக்சாண்ட்ரொவ் மொஸ்கோவில் ஆற்றினார். பெண்களின் உயர்கல்வி தொடங்கிய காலம் முதல் தோன்றிய கணித மேதைகளுள் முதன்மையானவர் என ஐன்ஸ்டீன் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். நாஸி ஆட்சியின் கீழிருந்த ஜேர்மனியிலேயே, நோதரின் பெயரை முகப்பில் அச்சிடாத அதே சஞ்சிகையில், வான் டெர் வார்டன் தமது ஆசிரியைக்கு நீண்ட இரங்கலுரை எழுதி வெளியிட்டார்.

தொம்ஸ்க் சென்ற தம்பி பிரிட்ஸ் 1937இல் சோவியத் பொலிஸாரால் கைது செய்யப்பட்டு, 1941 செப்டெம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று சோவியத் உயர் நீதிமன்றம் அறிவித்தது 1988ஆம் ஆண்டிலாகும். எம்மியின் அஸ்தி பிரின் மோர் கல்லூரியின் பழைய நூலகத்தைச் சுற்றிச் செல்லும் நடைபாதையின் கீழ் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.